திரும்பிப் போன ஹெலிகாப்டர்

நவம்பர் 9

எனக்குக் கிறுக்குப் பிடித்து, வீட்டுக்குள் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருக்கிறேன் என்று இந்தத் தெருவில் சொல்கிறார்கள். ஒரு திருத்தம். ஹெலிகாப்டர் செய்வது உண்மை. கிறுக்கு என்பது பொய். பங்குக் கோயில் நடத்தும் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு வடக்குத் தெருவின் சார்பில் முறைப்படி பெயர் கொடுத்திருக்கிறேன். போன ஆண்டு கீழத் தெருக்காரர்கள் குழந்தை இயேசுவின் தலைக்கு மேல் ராக்கெட் விட்டார்கள். அவர்களை யாரும் கிறுக்கு என்று சொல்லவில்லை.

இந்த வதந்தி புறப்பட்ட இடம் அடுத்த வீட்டு மெரிட்டாவின் வாய். காலையில் என் வாசலில் நின்றே கேட்டாள்.

"யக்கா, காயலாங்கடையில நின்னியளாமே? பழைய காரோட வைப்பர் மோட்டாரைக் கேட்டியன்னு கடைக்காரன் சொல்லுதான். காரு வாங்கப் போறியளா?"

"காருக்கில்லை. ஹெலிகாப்டருக்கு."

"ஹெலிகாப்டருக்கு வைப்பரா? மழை பெய்யும்னா?"

"மழை பெய்யும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். சிரிக்கட்டும்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். கல்லறைத் திருநாளன்று கடற்கரைச் சிலுவையடியில், அதில் வெட்டியிருக்கும் கடலில் மாண்டவர்களின் பெயர்களைச் சாமியார் வாசித்தார். மூன்றாவது ஆண்டாக என் மகன் கிளிட்டஸின் பெயர் வாசிக்கப்படவில்லை. மறுநாள் காலை நான் பங்கு அலுவலகத்துக்குப் போய்க் குடில் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நவம்பர் 12

உடலுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். வாலுக்குப் பிளாஸ்டிக் குழாய். மேலே சுழலும் இறக்கைக்கு என் கணவரின் குடைக் கம்பிகள். அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகளாகக் குடை மூலையில் நின்றது, இப்போதாவது உதவட்டும். கயிற்றை இறக்கும் உருளைக்கு என் தையல் இயந்திரத்தின் நூல் சுற்றும் பாபின். கயிறு, கிளிட்டஸ் சுவரில் மாட்டி வைத்திருந்த நைலான் நரம்பு.

வெள்ளை உடலில் ஆரஞ்சுப் பட்டை சாய்வாக வர வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் கரையில் நின்று அதைப் பார்த்தவள் நான். பட்டை நேராக இருந்தால் அது வேறு ஹெலிகாப்டர்.

கான்வென்டில் மதர் பெனடிக்டா எங்கள் தையலை உட்புறம் திருப்பிப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். வெளியே அழகாக இருப்பதை அவர் பொருட்படுத்தியதே இல்லை.

நவம்பர் 15

வைப்பர் மோட்டார் வந்தது. கடைக்காரர் செபாஸ்தியான் இயக்கிக் காட்டினார். மோட்டார் ஒரே பக்கம் சுற்றினாலும் அதன் இரும்புக் கை போகும், திரும்பும், போகும், திரும்பும். எனக்கு வேண்டியது அதுதான். ஹெலிகாப்டர் கம்பியில் கடலுக்கு மேலே போக வேண்டும், திரும்பி வர வேண்டும்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்கம்மா" என்றார். "நடுவுல சுவிட்சை அணைச்சா டக்குனு நிக்காது. கண்ணாடி நடுவுல வைப்பர் நின்னா டிரைவருக்கு மறைக்கும்லா? அதனால கை தன் இடத்துக்கு வந்துதான் நிக்கும். அப்படி ஒரு ஒயர் கொடுத்திருக்கான். வேண்டாம்னா வெட்டி விட்டுருதேன்."

வெட்ட வேண்டாம் என்றேன்.

நவம்பர் 16

ஊர் சொல்வதையும் நான் சொல்வதையும் ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். பிறகு இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஊர் சொல்வது: புயலடித்த அன்று கிளிட்டஸ் கடலுக்கே போகவில்லை. கொச்சியில் யாரோ ஒருத்தியோடு ஓடிப்போனான். இதை முதலில் சொன்னவன் ரெமிஜியுஸ். கிளிட்டஸ் ஓட்டிய விசைப்படகின் முதலாளி அவன்தான். படகு உரிமையாளர் சங்கத்தின் தலைவனும் அவன்தான்.

நான் சொல்வது: கிளிட்டஸ் விடியுமுன் சாப்பாட்டுத் தூக்கோடு போனான். 1147 என்ற எண்ணுள்ள படகில் போனான். கூட மூன்று ஒடிசாப் பையன்கள். ஓடிப்போகிறவன் அம்மாவிடம் கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டு போக மாட்டான்.

மறுநாள் புயல் தணிந்ததும் ஹெலிகாப்டர் வந்தது. கடலோரக் காவல் படையினர் கரையில் கேட்டார்கள்: எந்தப் படகு வரவில்லை? ரெமிஜியுஸ் சங்கத் தலைவனாக முன்னே வந்து, "எல்லாம் கரைக்கு வந்துட்டு" என்றான். துறைமுகத்துக்குள் 1147 கட்டிக் கிடந்தது. நானே பார்த்தேன். அதன் தளத்தில் ஒரு மீன் செதிலும் இல்லை. வலை மடித்து வைத்தபடி இருந்தது. புயலிலிருந்து வந்த படகு அப்படி இருக்காது. ஹெலிகாப்டர் கிழக்கே கொஞ்ச தூரம் போய், வாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்குக் கிடைத்த பதிலை நம்பினார்கள்.

கடலில் போன 1147 கரையில் எப்படிக் கிடந்தது? மூன்று ஆண்டுகளாக இந்தக் கேள்வியை நான் உட்புறம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 20

குடிலின் பின்னணித் திரைக்குத் தொம்மை வந்தான். இந்தக் கரையில் படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுகிறவன் அவன் ஒருவன்தான். படுதாவை முன்னறைச் சுவர் முழுக்கக் கட்டினோம். வானம், துறைமுகச் சுவர், கலங்கரை விளக்கம். அவன் போட்ட மேகம் ரொட்டி மாவு போல இருந்தது. அழிக்கச் சொன்னேன்.

"பெரியம்மா, மேகம்னா இப்படித்தான் இருக்கும்."

"புயலுக்கு மறுநாள் மேகம் இப்படி இருக்காது. கிழிந்த துணி போல இருக்கும். கிழி."

கிழித்தான். நன்றாக வந்தது. பிறகு படகுகளைப் பற்றிச் சொன்னேன்.

"இரண்டு படகு வேண்டும், தொம்மை. ஒன்று துறைமுகத்துக்குள் கட்டிக் கிடக்கிறது. அதைத் திரையில் வரை. இன்னொன்று வெளிக்கடலில். அதைத் தகரத்தில் வெட்டிக் கொடு, அது அசைய வேண்டும். இரண்டுக்கும் எண் எழுத வேண்டும்."

"ரெண்டுக்கும் ஒரே நம்பர்தானே?"

நான் எந்த எண்ணையும் சொல்லியிருக்கவில்லை.

தூரிகையை அவன் நீலத்தில் தோய்க்கப் போய் மஞ்சளில் தோய்த்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினான். தொம்மை வீட்டில் அடுப்பு எரிந்து எத்தனையோ ஆண்டாகிறது. மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுகிறவன்.

ஆக, அவ்வளவுதான். ஒரு படகுக்கு வாங்கிய அனுமதியில் இரண்டு படகு. ஒன்றைப் போலவே மற்றொன்று, ஒரே வண்ணம், ஒரே எண். ஒன்று கடலில் இருக்கும்போது ஒன்று கரையில். எண்ணைப் பார்த்துத்தான் படகை எண்ணுவார்கள். எண் கரையில் இருந்தால் படகும் கரையில். இன்னொன்று வெளியே இருக்கிறது என்று ரெமிஜியுஸ் சொல்லியிருந்தால் ஹெலிகாப்டர் தேடியிருக்கும். அவனுடைய திருட்டும் தெரிந்திருக்கும்.

ஒரு வாய்ச் சொல்லுக்கு அவன் நான்கு பேரை விற்றான்.

இரவு நன்றாகத் தூங்கினேன். மூன்று ஆண்டுகளில் முதல்முறை.

நவம்பர் 27

தொம்மை வரவில்லை. ஆள் அனுப்பினேன். காய்ச்சலாம்.

நவம்பர் 30

மீன் கடையில் தொம்மையைப் பார்த்தேன். காய்ச்சல்காரன் சீலா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மீனை விட்டுவிட்டு நடந்தான்.

டிசம்பர் 4

இன்றுதான் அந்தப் புயலின் நாள். எழுதுவதற்கு எதுவும் இல்லை. தைத்தேன்.

டிசம்பர் 9

தகரப் படகில் நிற்க நான்கு பொம்மைகள் தைத்து முடித்தேன். விரல் நீளம்தான். கிளிட்டஸுக்குக் கட்டம் போட்ட சட்டை. அவனுடைய உண்மையான சட்டையிலிருந்தே வெட்டினேன். மற்ற மூவருக்கும் என்ன உடுத்துவது என்று தெரியவில்லை. அவர்களில் ஒருவனை மட்டும் கிளிட்டஸ் ஒருமுறை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்திருக்கிறான். ஒல்லியான பையன். என்னை "மா" என்று கூப்பிட்டான். தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். பெயர் நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மூவருக்கும் நீலச் சட்டை போட்டேன். ஒருவனை மட்டும் ஒல்லியாகத் தைத்தேன்.

டிசம்பர் 14

நான் போய்த் தொம்மையைக் கூட்டி வந்தேன். படகு கட்டும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். பத்துப் பேர் பார்க்க, "தொம்மை, என் வீட்டுச் சுவரில் பாதிக் கடல் இருக்கிறது. மீதியை யார் வரைவார்?" என்று கேட்டேன். எழுந்து வந்தான்.

வீட்டில் வைத்துச் சொன்னான். "பெரியம்மா, அவரு படகுதான் எனக்குச் சோறு. இந்தக் கரையில பாதிப் படகு அவருக்க சொல்லுலதான் எனக்கு வருது. நம்பர் மட்டும் வேண்டாம். சும்மா ரெண்டு படகா இருக்கட்டும்."

"அவன் சொன்னபோது இரண்டாவது படகில் எண் எழுதினாய்."

"எழுதச் சொன்னாரு. எழுதுனேன். இதே மாதிரி இன்னும் நாலு பேருக்கும் எழுதிருக்கேன். எல்லாரும் செய்யுறதுதானேன்னு நெனச்சேன்."

"இப்போது நான் சொல்கிறேன். எழுது."

நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் காப்பி கொடுக்கவில்லை. கடைசியில் எழுந்து, சுவரில் கட்டிக் கிடக்கும் படகில் எழுதினான்: 1147. தகரப் படகைக் கையில் எடுத்தான். அதில் நின்ற பொம்மைகளைப் பார்த்தான். கட்டம் போட்ட சட்டையை விரலால் தொட்டான்.

"இது கிளிட்டஸுக்க சட்டையில்லா?"

வண்ணக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினேன். எழுதினான். அவன் எழுத்தில் நான்குக்கு எப்போதும் ஒரு சிறிய வால் இருக்கும். இரண்டு படகிலும் அந்த வால் இருந்தது.

பிறகு காப்பி கொடுத்தேன்.

டிசம்பர் 19

சாமியார் ததேயு முன்கூட்டியே குடிலைப் பார்க்க வந்தார். எல்லாத் தெருவுக்கும் போகிறாராம். போகட்டும். நான் தகரப் படகைக் கடலாக விரித்திருந்த நீல அலைத்துணிக்குள் மூடி வைத்திருந்தேன். ஹெலிகாப்டரைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கொட்டிலைப் பார்த்தார்.

"அம்மா, மாதா ஏன் குழந்தையைப் பார்க்காம கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க?"

"குழந்தை தூங்குகிறது, சாமி. பார்த்துக்கொள்ளச் சூசையப்பர் இருக்கிறார்."

அவர் உட்கார்ந்தார். வெளியூர்க்காரர், இளையவர், நல்லவர். கெட்டிக்காரர் அல்ல என்று நினைத்திருந்தேன். தவறு.

"ரெமிஜியுஸ்தான் இந்த வருஷமும் சுவிட்ச் போட வர்றார். தெரியும்ல?"

"தெரியும். எல்லாக் குடிலுக்கும் சங்கத் தலைவர் சுவிட்ச் போடுவதுதான் வழக்கம்."

"பழியெல்லாம் ஆண்டவர் பார்த்துக்குவார்மா."

"ஆண்டவருக்கு ஏழு கடலையும் பார்க்க வேண்டியிருக்கிறது, சாமி. இந்த ஒரு துறைமுகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நிறுத்தச் சொல்லவில்லை.

டிசம்பர் 24

திருப்பலிக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்கவில்லை. காரணம் எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

டிசம்பர் 27

நேற்று மாலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மெரிட்டா ஏற்கெனவே வேறு விதமாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

குடில் பார்க்க மேளத்தோடு வந்தார்கள். தெரு நிறைய ஜனம். என் முன்னறைச் சன்னல்களைக் கழற்றி வைத்திருந்தேன், வெளியே நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று. ரெமிஜியுஸ் பட்டுச் சட்டையில் உள்ளே வந்தான். பேசவும் செய்தான்.

"எமல்டா மாமி கான்வென்ட்ல படிச்சவுக. அவுக கைவேலைக்கு ஈடு இந்தக் கரையிலயே கெடையாது. நம்மளக் காப்பாத்துத ஹெலிகாப்டரை இவுக குடில்ல வச்சது நம்ம தொழிலுக்கே பெருமை."

கைதட்டினார்கள். நான் சுவிட்சைக் காட்டினேன். போட்டான்.

விளக்கு எரிந்தது. குடைக் கம்பிகள் சுழன்றன. ஹெலிகாப்டர் கரையிலிருந்து கிளம்பித் துறைமுகத்தின் மேல் வந்தது. குழந்தைகள் கத்தினார்கள். நான் வைத்திருந்த சிறு விளக்கு கட்டிக் கிடந்த படகின் எண்ணில் விழுந்தது. 1147. ஹெலிகாப்டர் வெளிக்கடல் பக்கம் நகர்ந்தது. அதன் நரம்பு இழுக்க இழுக்க அலைத்துணிக்குள்ளிருந்து தகரப் படகு எழுந்து வந்தது. நான்கு பேர். ஒருவனுக்குக் கட்டம் போட்ட சட்டை. பக்கவாட்டில் 1147.

ரெமிஜியுஸ் சுவிட்சை அணைத்தான்.

ஹெலிகாப்டர் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனது. படகுக்குக் கை எட்டும் தூரத்தில் போய், அங்கே வாலைத் திருப்பியது. திரும்பி வரத் தொடங்கியது. அது வர வர நரம்பு தளர்ந்தது. தகரப் படகு சாய்ந்தது. ஒரு பக்கமாக, மெதுவாக, நீலத் துணிக்குள் போனது. கட்டம் போட்ட சட்டைதான் கடைசியில் மறைந்தது. ஹெலிகாப்டர் தன் இடத்துக்கு வந்து நின்றது.

மேளக்காரன் குச்சியைக் கீழே வைத்தான்.

"நிப்பாட்டுங்க மாமி" என்றான் ரெமிஜியுஸ். அது ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது.

"சுவிட்ச் உன் கையில்தான் இருக்கிறது, ரெமி. அன்றும் உன் கையில்தான் இருந்தது."

"இது என்ன கிறுக்குத்தனம்? ரெண்டு படகுல ஒரே நம்பரா? படத்துல என்னத்த வேணும்னாலும் எழுதலாம்!" என்று ஜனத்தைப் பார்த்துச் சிரித்தான். இரண்டு மூன்று பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

சன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "படத்துல மட்டும் இல்ல முதலாளி."

தொம்மை.

"லே தொம்மை, குடிச்சிருக்கியாலே?"

"இன்னைக்குக் குடிக்கல. அதான் சொல்லுதேன். ரெண்டு படகுலயும் நாந்தான் எழுதுனேன். நீங்க நின்னு எழுத வச்சிய. பிள்ளைக நாலு பேரும் ரெண்டாவது படகுல போனத நான் பாத்தேன். இங்கன நிக்குதவன்ல பாதிப்பேரு பாத்தான்."

அந்தப் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். ரெமிஜியுஸ் கூட்டத்தைப் பார்த்தான், ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு. பிறகு வெளியே நடந்தான். வழிவிட்டார்கள். யாரும் கூடப் போகவில்லை.

குழந்தைகள் மட்டும் "இன்னொருக்கப் போடுங்க பாட்டி" என்றார்கள். போட்டேன். ஒன்பது முறை போட்டேன். கை வலிக்கும் வரை.

பரிசு கீழத் தெருவுக்கு. அவர்களுடைய அருவி நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 30

தொம்மைக்கு வந்த இரண்டு படகு வேலை கைவிட்டுப் போயிற்று. மதியம் இங்கே சாப்பிட வரச் சொன்னேன். வந்தான். குழம்பில் புளி அதிகம் என்றான். இல்லை.

ஜனவரி 3

ரெமிஜியுஸ் சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பட்டுச் சட்டை இல்லை. நாற்காலியைக் காட்டினேன். சாமியார் உட்கார்ந்தார். அவன் உட்காரவில்லை.

"மாமி, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, செய்யுதேன்."

"நீ என்ன செய்வதாக இருக்கிறாய்?"

"ஞாயித்துக்கெழமை கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்லுதேன். கிளிட்டஸ் கடல்லதான் போனான்னு. சிலுவையில பேரு வெட்டச் சொல்லுதேன். அதோட விட்டிருங்க. அந்தக் குடிலைக் கலைச்சிருங்க. எம்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேங்குது."

அழுதான். அழுவதைப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. மூன்று ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் வாயிலிட்ட கற்கண்டு போலச் சீக்கிரம் கரைந்துவிட்டது. அடியில் ஏதோ மிச்சம் இருந்தது.

"அன்றும் நீ வாயால்தான் சொன்னாய், 'எல்லாம் கரைக்கு வந்துட்டு' என்று. உன் வாய்க்கு இந்த வீட்டில் மதிப்பில்லை. எழுதித் தா."

"எழுதுனா கேசாவும் மாமி."

"ஆகட்டும்."

சாமியார் ஏதோ சொல்ல வந்தார். பிறகு அவனிடம், "அம்மா கேக்குறது நியாயம்தான்" என்றார். அவரைப் பற்றிய என் கருத்தை மேலும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

வாசல் வரை போனவனைக் கேட்டேன். "கிளிட்டஸோடு போன மற்ற மூவரின் பெயர் என்ன?"

நின்றான். யோசித்தான். "ஒருத்தன் பேரு... ஏசெண்டுதான் கொண்டாந்து விட்டான் மாமி. பாத்துத்தான் சொல்லணும்."

அவன் போன பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை. அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. என் வீட்டில் தட்டுக் கழுவிவிட்டுப் போனவன்.

ஜனவரி 6

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். எல்லா வீட்டிலும் குடில் கலைக்கிறார்கள். நான் கலைக்கவில்லை. செபாஸ்தியானை வரவழைத்துச் சுவிட்சைச் சன்னலுக்கு வெளியே, தெருப்பக்கம் மாற்றிவிட்டேன். போகிற வருகிற யாரும் போடலாம். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பால்காரர் போட்டார். மெரிட்டா போட்டாள், இரண்டு முறை. இரண்டாம் முறை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

கீழே இருப்பது ரெமிஜியுஸுக்கு நான் இன்று அனுப்பிய கடிதத்தின் நகல். தொம்மை கொண்டுபோய் அவன் கையிலேயே கொடுத்தான்.

திரு. ரெமிஜியுஸ் அவர்களுக்கு,

என் மகன் கிளிட்டஸ் அன்று உங்களுடைய இரண்டாவது படகில் கடலுக்குப் போனான் என்பதையும், அந்தப் படகு திரும்பவில்லை என்று தெரிந்தே நீங்கள் கடலோரக் காவல் படையிடம் எல்லாம் வந்துவிட்டதாகச் சொன்னீர்கள் என்பதையும் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூடப் போன மூன்று பையன்களின் பெயர்களையும், அவர்களுடைய தகப்பனார் பெயர்களையும், ஊர்களையும் எழுத வேண்டும். ஏஜெண்டைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். நான்கு பெயர்களும் சேர்ந்துதான் சிலுவையில் ஏற வேண்டும். என் மகனுடையதை மட்டும் தனியாக ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். அந்த மூவரின் தாய்மாருக்கும் நான் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

அதுவரை குடில் இருக்கும். சுவிட்ச் தெருவில் இருக்கும்.

நேரில் வர வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். பதிலை எழுத்தில் தரவும்.

எமல்டா ரொட்ரிகோ